தாத்தாவின் கார் பிரான்சுக்குப் போக வேண்டுமானால்

பழைய குடும்பக் காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெயின்டரிடம்தான் போகிறார்கள். முதலில் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம். அடுத்தது டிங்கரிங் பட்டறை. பெயின்டரிடம் கடைசியாகப் போனால் போதும். இந்த வரிசை மாறுவதால்தான் புதுச்சேரியிலும் கடலூரிலும் பல நல்ல வண்டிகள் பளபளவென்று ஷெட்டிலேயே நின்றுபோகின்றன.

இந்த ஊர்களில் இப்படி ஒரு ஆசை வருவதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் நடந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் மக்களுக்குத் தரப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, சொல்தா குடும்பங்கள் என்று ஊரில் சொல்லப்படும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக் குடும்பங்களிலும் மற்ற குடும்பங்களிலும் பிள்ளைகள் பாரிஸ் பக்கம் குடியேறினார்கள். முத்தியால்பேட்டையிலோ குருசுக்குப்பத்திலோ பெரியவர்கள் மட்டும் இருந்த வீடு ஒருநாள் பூட்டப்படுகிறது. நகையைப் பங்கு போட்டாயிற்று, வீட்டை விற்றாயிற்று. ஷெட்டில் நிற்கும் காரை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரிவதில்லை. பள்ளிக்கூடத்துக்கும், மணக்குள விநாயகர் கோயிலுக்கும், பிரசவத்துக்கு ஜிப்மருக்கும் போன வண்டி அது. அதைப் பழைய இரும்புக்குப் போட யாருக்கும் மனம் வராது.

அந்த வண்டி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வடிவத்தை வைத்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரானது. இரண்டாவது பியட். 1964 வாக்கில் பியட் 1100 டிலைட்டாக வந்து, 1970-களின் நடுவில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, 2000 வாக்கில் நின்றுபோன 1089 சிசி வண்டி. மூன்றாவது, அபூர்வமாக, நம் வண்டலூர்ப் பக்கமே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்த மூன்றில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்து வேலையின் தன்மையே மாறும். ஹெரால்டுக்குச் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் தனி, பாடி தனி. பாடி துண்டு துண்டாகக் கழன்று வரும். பியட்டுக்கும் அம்பாசிடருக்கும் பாடியே சேசிஸ். அடித்தகடு அரித்துப்போனால் வண்டியின் எலும்பே போன மாதிரி.

பிரான்சும் ஐரோப்பிய ஒன்றியமும் பழைய காரை எப்படிப் பார்க்கின்றன என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. வண்டிக்குக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இருக்கக் கூடாது. முக்கியமாக, சேசிஸ், பாடி, ஸ்டீயரிங், பிரேக், கியர், சஸ்பென்ஷன், எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமில்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். ரிப்பேர் செய்யலாம், தேய்ந்ததை மாற்றலாம், அந்தக் காலத்து முறைப்படி சீரமைக்கலாம். நவீனப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். இந்த நிபந்தனைகளுக்குள் வந்தால் சுங்கத்தின் கண்ணில் அது சேகரிப்புப் பொருள். வராவிட்டால் அது வெறும் செகண்ட் ஹேண்ட் கார்.

இதில் பணம் எவ்வளவு வித்தியாசப்படும் என்று பார்க்கலாம். வண்டியின் மதிப்பும் கப்பல் வாடகையும் சேர்த்து 6,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கார் என்றால் 10 சதவீதச் சுங்கவரி 600 யூரோ. அதையும் சேர்த்த 6,600-க்கு 20 சதவீத வாட் வரி 1,320. ஆக 1,920 யூரோ. சேகரிப்புப் பொருள் என்றால் சுங்கவரியே கிடையாது. பிரான்சில் வாட் 5.5 சதவீதம்தான், அதாவது 330 யூரோ. அதைவிடப் பெரிய லாபம் பதிவு. சாதாரணக் காராக ஒரு பத்மினியைப் பிரான்சில் பதிவு செய்வதென்றால் இன்றைய ஐரோப்பியத் தரச் சான்றுகள் தேவைப்படும். அவை அந்த வண்டிக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. சேகரிப்பு வாகனம் என்ற வாசல் ஒன்றுதான் திறந்திருக்கிறது.

இதை நம் ஊர்ப் பழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். “செய்றதே செய்றோம், நல்லா செஞ்சிடலாம்” என்று தொடங்கி, மைலேஜுக்காக டீசல் எஞ்சின் இறக்குகிறோம். ஸ்டீயரிங்கோடு இருந்த ஹேண்ட் கியரை எடுத்துவிட்டுக் கீழே கியர் வைக்கிறோம். மாருதி சீட்டு, ஏ.சி., அலாய் வீல் எல்லாம் வந்துவிடுகின்றன. உள்ளூரில் ஓட்டுவதற்கு இதெல்லாம் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கப்பலேற்றப் போகிற வண்டியில் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் அதைச் சேகரிப்பு என்ற வகையிலிருந்து வெளியே தள்ளுகிறது. தாத்தா ஓட்டிய வண்டி அப்படியே வேண்டும் என்று பேரன் கேட்கிறான். பிரெஞ்சுச் சுங்க அதிகாரியும் அதையேதான் கேட்கிறார். பாசமும் சட்டமும் இப்படி ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல வருவது.

இந்தியக் கணக்கு வேறு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள்தான் விண்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஆக 1985-ல் வாங்கிய பத்மினி இங்கே விண்டேஜ் இல்லை, அங்கே சேகரிப்பு வண்டி. 1998 பத்மினிக்கு இரண்டு இடத்திலும் வயது பத்தாது. அதை இன்னும் கொஞ்ச காலம் ஷெட்டிலேயே நன்றாகப் பார்த்துக்கொள்வதுதான் வழி. விடுதலைக்கு முந்தைய காலத்து வண்டி வீட்டில் இருந்தால் சங்கதியே வேறு. அவ்வளவு பழையவற்றை நாட்டைவிட்டு அனுப்ப ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்திடம் கேட்டுவிட வேண்டும்.

இனி காகிதம். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், பாதிக் குடும்பங்களுக்கு அங்கேயே அதிர்ச்சி காத்திருக்கும். காலமாகிப் பல ஆண்டான தாத்தாவின் பெயரிலேயே வண்டி இருக்கும். உரிமையாளர் இறந்தால் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். ஒருவர் பாரிஸில், ஒருவர் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் என்றிருந்தால் அவர்கள் கையெழுத்திட்ட பத்திரம் இந்தியத் தூதரகம் வழியாகவோ, ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் அப்போஸ்டில் முத்திரையோடோ வர வேண்டும். இந்தியாவும் பிரான்சும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் இது நடக்கிற காரியம்தான். புதுச்சேரிக்கே உரிய இன்னொரு சங்கதியும் உண்டு. 1881-ம் ஆண்டு ஆணையின்படி சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறிய குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. அவர்கள் வாரிசு ஆவணத்தை அந்த முறையிலேயே எழுதி வாங்க வேண்டும்.

வாரிசு ஆவணத்தைச் சலிப்போடு பார்க்காதீர்கள். அது இரண்டு முறை உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் ஒருவருக்கு வெளிநாட்டில் பரம்பரையாக வந்த சொந்த உடைமைகளுக்கு, சொந்தக் கார் உட்பட, வரிவிலக்கு உண்டு. சொத்து முறையாகத் தீர்ந்து கைக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பது நிபந்தனை. சீரமைப்பு வேலையே ஒன்றரை ஆண்டு இழுக்கும் என்பதால், முதலில் சொத்தைத் தீர்த்துவிட்டுப் பிறகு நிதானமாகக் காரைப் பிரிக்கத் தொடங்குகிறவர்கள் இந்தச் சலுகையைக் கோட்டைவிடுகிறார்கள். இதற்குச் சொத்து ஆவணங்களைக் கவனிக்கும் பிரெஞ்சு நோட்டேரின் ஆலோசனை கட்டாயம் வேண்டும்.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தகட்டின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு இங்கேயும் கேட்கப்படும், அங்கேயும் கேட்கப்படும். எப்போதோ எஞ்சின் மாற்றி அதைப் பதியாமல் விட்டிருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். பழைய பெயின்டின் மேலேயே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி எண்ணை மூடிவிடும் பட்டறைகளும் உண்டு. சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். அசல் ஆர்.சி. புத்தகத்தை எந்த அலுவலகத்திலாவது ஒப்படைக்க நேர்ந்தால், சான்றளித்த நகலும் பதிவு விவரச் சான்றும் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். பிரான்சில் பதிவு செய்யும்போது மூல நாட்டுப் பதிவு ஆவணத்தைக் கேட்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கும்.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் காரைத் தின்பது ஓட்டம் அல்ல, நிற்பதுதான். உப்புக் காற்று இரவில் குளிர்ந்த தகட்டின் மேல் ஈரமாகப் படிகிறது. ஷெட்டில் காற்றோட்டம் இல்லையென்றால் பகலிலும் காய்வதில்லை. அதன்மேல் வெள்ளம். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 கடலூர் வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் என ஒவ்வொன்றின்போதும் வண்டி எங்கே நின்றது, தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பது எந்தக் கருவிச் சோதனைக்கும் சமம். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி உள்ளே கூடாக இருக்கும். ஒருமுறை வெள்ளத்தில் நின்ற வண்டியில் அதற்குள் சேறு தங்கிவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே ஈரச் சேறு ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும்.

தேவனாம்பட்டினம் போகும் வழியில் ஒரு பட்டறையில் மூத்த டிங்கர் ஒருவர் சோதிப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று, ஒரு ஸ்குரூ டிரைவர், வேறொன்றும் இல்லை. பளபளப்பாக இருந்த பியட்டின் சில்லில் காந்தத்தை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். முன்சக்கரத்துக்குப் பின்னால் வந்ததும் காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது.

“தம்பி, இங்க பாருங்க. இது தகரம் இல்ல, பூரா பட்டி.”

“போன தடவ பெயின்ட் அடிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சுண்ணே?”

“அடிச்சவரு மூடிட்டுப் போயிட்டாரு. உள்ள தண்ணி நின்னுக்கிட்டே இருந்திருக்கு.”

ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டினார். நல்ல தகட்டில் கணீரென்றும் பட்டியில் பொத்தென்றும் ஓசை வந்தது. பிறகு கதவின் அடி ஓரத்தைத் தடவிக் காட்டினார். மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காக அங்கே சிறு ஓட்டைகள் இருக்க வேண்டும். முந்தைய பெயின்ட் வேலையில் அத்தனையும் அடைபட்டிருந்தன. கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் கதவை உள்ளிருந்தே தின்றிருந்தது. நல்ல நிறத்துக்குப் பின்னால் இப்படி இருப்பது விதிவிலக்கல்ல, வழக்கம்.

அரித்த இடத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு அதே கனத் தகட்டில் அச்சு செய்து பற்றவைப்பதுதான் சரியான வேலை. மேலே ஒரு துண்டு ஒட்டினால் இரண்டு தகட்டுக்கும் நடுவே மறுபடி ஈரம் தங்கும். பாடியே சேசிஸாக உள்ள வண்டியில் சில்லை வெட்டும்போது உடம்பு தொய்ந்துவிடாமல் உள்ளே முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகு கதவு மூடாது. பற்றவைத்த பின் எபாக்ஸி பிரைமர் பூச வேண்டும். கூடுகளுக்குள் மெழுகு எண்ணெய் பீய்ச்ச வேண்டும். வட பிரான்சில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். நம் கடற்காற்றில் தப்பிய வண்டியை அங்கத்திய ரோட்டு உப்புக்குப் பலி கொடுக்கக் கூடாது. வெட்டுவதற்கு முன், வெட்டிய பின், பற்றவைத்த பின் என்று ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது சீரமைப்பு, மாற்றம் அல்ல என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

எஞ்சின் வேலை இதைவிட எளிது என்பதே என் கருத்து. அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. எம்.ஜி. விளையாட்டுக் கார்களுக்கும் அதே குடும்பம்தான். ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ப் வண்டியின் வடிவம் என்பதால் அதன் பாகங்கள் டிரையம்ப் ஆர்வலர்களுக்காக இன்றும் தயாராகின்றன. பியட் 1100-க்கு இத்தாலி இருக்கிறது. ஆகவே எஞ்சின் பாகங்கள் அங்கே போன பிறகும் கிடைக்கும். கிடைக்காதவை இந்தியாவில் மட்டும் வந்த கிரில், விளக்கு வளையம், டேஷ்போர்டு, எழுத்துச் சின்னங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் அலைந்து தேட வேண்டியது இவற்றைத்தான். கூடுதலாக ஒரு ஜோடி கிடைத்தாலும் வாங்கி டிக்கியில் போட்டு அனுப்பலாம், ஆனால் பட்டியலில் எழுதிக் கணக்கில் காட்டித்தான்.

இங்கே யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று ரேடியேட்டர். நம் ஊரில் பழைய வண்டிக்குக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். ஜனவரியில் வட பிரான்சின் ல ஆவ்ர் துறைமுகத் திடலில் இரண்டு இரவு நின்றாலே எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழலாம். உறைதடுப்புக் கூலன்ட் ஊற்றி, ஓடவிட்டு, பிறகுதான் ஏற்ற வேண்டும். பெட்ரோல் குழாய்களும் பம்பின் உள் ரப்பரும் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாக்குப்பிடிக்காது, அவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கட்டுகளிலும் கல்நார் இருக்கும். அதைத் தேய்த்து ஊதுகிற வேலையை முகக்கவசம் இல்லாமல் செய்ய எந்த மெக்கானிக்கையும் விடாதீர்கள்.

எதையெல்லாம் தொடாமல் விட வேண்டும் என்பதும் சீரமைப்பில் சேர்ந்ததே. கியர் குமிழில் தாத்தாவின் உள்ளங்கை பட்டு மழுங்கிய இடத்தை மெருகு போடாதீர்கள். ரெக்சின் கிழியவில்லை என்றால் சீட்டை அப்படியே சுத்தம் செய்தால் போதும். டேஷ்போர்டில் ஒட்டிய சின்ன அன்னை மேரி படமோ பிள்ளையாரோ இருக்கட்டும். நிறம் எதுவென்று சண்டை வந்தால் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் சுரண்டிப் பாருங்கள், கம்பெனி அடித்த நிறம் அங்கே பத்திரமாக இருக்கும். குடும்ப ஆல்பத்தில் காரோடு நிற்கும் பழைய படங்களையும் தேடி எடுங்கள். நிறமும் நம்பர் பிளேட்டும் அவற்றில் தெரிந்தால் ஆவணமாகவே பயன்படும்.

பெயின்ட் அடித்த கையோடு கப்பலுக்கு அனுப்பக் கூடாது. முழுதாக உலர வாரங்கள் ஆகும். அதற்குள் பிளாஸ்டிக்கால் சுற்றினால் ஆவி உள்ளேயே தங்கிக் கொப்புளம் வரும். காற்றுப் புகும் துணி உறைதான் நல்லது.

கப்பலேற்றுவது சென்னைப் பக்கத்துத் துறைமுகங்களில்தான். புதுச்சேரித் துறைமுகமோ கடலூர்த் துறைமுகமோ இதற்கு உதவாது. ஓட்டி ஏற்றும் கார்க் கப்பலைவிட 20 அடி கன்டெய்னரையே பரிந்துரைப்பேன். உள்நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர், அகலம் 2.35 மீட்டர். ஏறத்தாழ 4.3 மீட்டர் அம்பாசிடர் தாராளமாக அடங்கும், பக்கவாட்டில் கதவைத் திறந்து ஓட்டுநர் இறங்குவதற்குத்தான் சிரமம். சக்கரத்துக்கு மரக்கட்டை அணை, நான்கு மூலையிலும் பட்டைக் கட்டு. அந்தக் கட்டு பம்பரில் அல்ல, சஸ்பென்ஷனிலோ சக்கரத்திலோ விழ வேண்டும். கட்டைகள் பூச்சி நீக்க வெப்பச் சிகிச்சை முத்திரை உள்ளவையாக இருக்க வேண்டும். டேங்க் வற்றியும் பேட்டரி முனை கழற்றியும் இருக்க வேண்டும். கன்டெய்னர் உள்ளே வேர்த்து மேற்கூரையிலிருந்து சொட்டும் என்பதால் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். 2016 ஜூலை முதல் ஏற்றிய கன்டெய்னரின் சரிபார்த்த எடையைத் தராமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. அப்படிப் போனால் ஐரோப்பாவுக்குப் பயண நாள் வாரக்கணக்கில் கூடும். திருமணத்துக்கு வண்டி வந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தரும் ஷிப்பிங் பில்லில் எழுதும் மதிப்பும் காப்பீட்டில் எழுதும் மதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். வரியைக் குறைக்கச் சுங்கத்துக்கு ஒரு தொகை, நஷ்டஈட்டுக்கு வேறொரு தொகை என்று எழுதினால் இரண்டு இடத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

அங்கே இறங்கியதும் சுங்கம் தீர்ந்ததற்கான 846 ஏ சான்று, பிறகு பிரெஞ்சுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான எஃப்.எஃப்.வி.இ.யின் சான்று, அதை வைத்துச் சேகரிப்பு வாகனப் பதிவு அட்டை. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பது தடையில்லை. முன்விளக்கின் ஒளி மட்டும் நம் ஊருக்கேற்ப இடது ஓரம் சாய்ந்திருக்கும், அதை வலது ஓரத்துக்கு மாற்ற வேண்டும். தொழில்நுட்பச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை. சேகரிப்பு வாகனத்துக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து நம்பர் பிளேட்டும் அனுமதி உண்டு.

பிரான்ஸ் அல்லாத நாடுகளுக்கு விதிகள் வேறு. ஆஸ்திரேலியா கல்நார் ஒரு துளி இருந்தாலும் விடாது, முன் அனுமதி இல்லாமல் கப்பலேற்றவே கூடாது. அமெரிக்கா 25 வயது தாண்டிய வண்டிக்குப் பாதுகாப்புத் தர விதிகளில் விலக்குத் தருகிறது. சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் 35 வயது ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறிப்பிட்ட சில நாள்தான் ஓட்டலாம்.

குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. போன வண்டியைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கார்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யப் பொதுவாக அனுமதி இல்லை. விண்டேஜ் வண்டிகளுக்கான விலக்கும், ஏற்றுமதியானதைக் குறித்த காலத்துக்குள் திருப்பிக் கொண்டுவரும் வழியும் குறுகலானவை. அண்ணன் பாரிஸுக்குக் கொண்டுபோன பிறகு, காரைக்காலில் இருக்கும் தங்கை தன் மகன் கல்யாணத்துக்கு அதை ஒருமுறை கேட்டால் தர முடியாது. படிவம் 31-ல் மற்ற வாரிசுகளிடம் சம்மதக் கையெழுத்து வாங்கும் அன்றே இதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.